தவளைக்கு ஓதிய தண்ணீர்

காலையில் கொட்டகைக் கதவைத் திறக்கும்போது அத்தாவுல்லா தவளைகளுக்கு சலாம் சொல்லுவார். சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். வீட்டில் பதில் சொல்ல ஆள் இல்லாத மனிதர், பதில் சொல்லாத தவளைக்கு சலாம் சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம்? தண்டையார்பேட்டையில் வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினால் எண்ணூர் வரைக்கும் ஒரு பேச்சு கிடையாது. கண்டக்டருக்கு முகம் பழக்கம், எங்கே இறங்குவார் என்று கேட்காமலே டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிடுவார். ஆக, அன்றைக்கு அவர் வாயிலிருந்து வரும் முதல் சத்தமே அந்த சலாம்தான்.

அந்த இடம் ஒரு காலத்தில் கன்டெய்னர் யார்டு. பெட்டிகளின் கதவில் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அத்தாவுல்லாவின் வேலை. அந்த ஒரு வேலையிலேயே தலை நரைத்துவிட்டது. யார்டை இழுத்து மூடியபோது, முதலாளி ஆபீஸ் கொட்டகையை மட்டும் ஒரு காலேஜுக்கு வாடகைக்கு விட்டார். கட்டடத்தோடு சேர்ந்து போன மின்விசிறி மாதிரி அத்தாவுல்லாவும் சேர்ந்து போனார். சீல் பார்த்த மனிதருக்குத் தவளை பார்க்கிற வேலை வந்தது. இதுவும் ஒரு நசீப், தலையெழுத்து என்று வாங்கிக்கொண்டார். வேறு என்ன செய்வது?

உள்ளே இரண்டு பக்கமும் இரும்பு அலமாரி. ஒவ்வொரு தட்டிலும் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்கள். ஒரு டப்பாவுக்கு ஒரு தவளை. இடது பக்கம் நல்லா இருப்பவை. வலது பக்கம் நோயாளிகள், தோலில் பூஞ்சை பிடித்தவை. புழல் ஏரிப் பக்கமும் காட்டுப்பள்ளிப் பக்கமும் பிடித்து வந்தவை. இவற்றை வைத்துத்தான் செங்கொடி என்கிற வியாசர்பாடிப் பெண் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கெட்டிக்காரி. வாயும் கொஞ்சம் நீளம்.

"இந்தத் தவளயில அப்படி இன்னாதாம்மா தேடிகினு கீற?" என்று வந்த புதிதில் ஒரு நாள் கேட்டார்.

"பாய், எங்க ஹவுசிங் போர்டு பிளாக் கீதுல்ல, தவள வயித்த அது மாதிரி நெனச்சுக்கங்க. உள்ள ஆயிரம் குடித்தனம். எல்லாம் கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க. கிருமின்னா கெட்டதுன்னு நெனைக்காதீங்க. ஒன்னு தின்னத செரிக்க வெக்கும், ஒன்னு ரவுடிக் கிருமி எதுவும் உள்ள பூந்துடாம பாத்துக்கும். தோல்ல நோவு வந்துச்சுன்னு வெய்ங்க, வயித்துல இருக்கற நல்ல குடித்தனம்லாம் காலி பண்ணிகினு பூடுது. அந்த வூட்ல எவனெவனோ வந்து குந்திக்கிறான். யார் போறாங்க, யார் வராங்கன்னு பாக்கறதுதான் என் வேல."

"தோல்ல நோவு வந்தா வயித்துல இருக்கறவன் இன்னாத்துக்கு காலி பண்ணணும்?"

"அதத்தான் பாய் தேடிகினு கீறேன்" என்று சிரித்தாள்.

தவளை போடும் கழிவைச் சின்னக் குழாயில் எடுத்து, உறைய வைத்து, வெளியூர் லேபுக்கு அனுப்பினால், உள்ளே எந்தெந்தக் கிருமி குடியிருக்கிறது என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள். அத்தாவுல்லாவின் பொறுப்பு தீனியும் தண்ணீரும். மெட்ரோ தண்ணீரை டிரம்மில் பிடித்து, மருந்து வாடை போகிற மாதிரி வெயிலில் வைத்து, பிறகு வாளியில் மொண்டு ஒவ்வொரு டப்பாவுக்கும் மாற்ற வேண்டும். முதலில் நல்ல தவளைகளுக்கு. அப்புறம் கையுறையை மாற்றிக்கொண்டு, வேறு வாளியில் நோயாளிகளுக்கு. முகத்தில் எப்போதும் மாஸ்க். இந்தச் சட்டத்தை செங்கொடி முதல் நாளே போட்டுவிட்டாள்.

அவள் வாரத்தில் பாதி நாள் காலேஜில் இருப்பாள். வருகிற நாட்களில் "பாய், நாஷ்டா ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருவாள். ஊரில் அவரை அப்படிக் கேட்க அவள் ஒருத்திதான் இருந்தாள். மகன் ஃபர்ஹான் சவூதியில், தமாமில் இருக்கிறான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து போன் பண்ணுவான். உடம்பு எப்படி, சாப்பாடு எப்படி, பணம் வந்ததா என்று மூன்றும் கேட்டு முடித்த பிறகு இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்காது. பிள்ளையைக் குற்றம் சொல்ல முடியுமா? நடுவில் நின்று இரண்டு பேரையும் பேச வைத்த அவன் அம்மா ரஹீமுன்னிசா போய்விட்டாள். அதனால் இந்தக் கொட்டகை அவருக்கு எவ்வளவு முக்கியம் என்று விளக்க வேண்டியதில்லை. இதுவும் இல்லையென்றால் காலையில் வீட்டைப் பூட்டிக் கிளம்ப ஒரு காரணமே கிடையாது.

வலது பக்கத் தவளைகளைப் பார்க்கத்தான் மனசு தாங்காது. நல்ல தவளை என்றால் மூடியைத் திறந்ததும் துள்ளி ஒரு மூலைக்கு ஓடும். நோவு பிடித்தது ஓடாது. பின்னங்கால் இரண்டையும் பரப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தே இருக்கும். பூச்சியை மூக்கு முன்னால் நீட்டினாலும் பார்க்காது. தோல் உரிந்து உரிந்து வரும், அதை அதுவே வாயில் இழுத்துத் தின்னும். எல்லாத் தவளையும் தோல் உரித்துத் தின்னும், நோவு வந்தது அடிக்கடி உரிக்கும் என்று செங்கொடி சொல்லியிருந்தாள். இருந்தாலும், தனி டப்பாவில் தன்னந்தனியாகத் தன் தோலையே தின்றுகொண்டு கிடப்பதை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது?

அவருக்கு ரஹீமுன்னிசாவின் ஞாபகம் வந்துவிட்டது. வராமல் என்ன செய்யும்? கொரோனாவின் இரண்டாவது அலையில் அவளை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கூட வரக்கூடாது என்றுவிட்டார்கள். அத்தாவுல்லா ஒரு பாட்டில் தண்ணீரில் ஓதி ஊதி எடுத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரி கேட்டில் நின்றார். கேட்டில் இருந்தவர் பாட்டிலை வாங்கிப் பார்த்தார்.

"இன்னா பெரியவரே, வாயால ஊதுனதா?"

"ஆமாம்பா. ஓதுன தண்ணி. ஒரு முழுங்கு குடுத்தா போதும்."

"ஊரு பூரா வியாதியே இப்போ வாய்க் காத்துலதான் பரவுது. உள்ள அனுப்ப முடியாது. எடுத்துகினு போ நைனா."

அந்த ஆள் திட்டவில்லை. நியாயத்தைத்தான் சொன்னார். நியாயமாக இருந்ததுதான் அத்தாவுல்லாவுக்குத் தாங்க முடியவில்லை. பாட்டிலைத் திருப்பி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ரஹீமுன்னிசா வீட்டுக்கு வரவில்லை.

அதற்கு முன்பெல்லாம், மஃரிப் தொழுகை முடிந்து வெளியே வரும்போது பள்ளிவாசல் வாசலில் பெண்கள் நிற்பார்கள். இடுப்பில் காய்ச்சல் பிள்ளை, கையில் சொம்புத் தண்ணீர். பொட்டு வைத்தவர்களும் சிலுவை போட்டவர்களும் முக்காடு போட்டவர்களும் கலந்துதான் நிற்பார்கள். தொழுதுவிட்டு வருகிற ஒவ்வொருவரும் பிள்ளையின் உச்சியில் ஊதி, சொம்பில் ஊதிவிட்டுப் போவார்கள். ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பக்கம் வளர்ந்தவர்களில் பாதிப் பேர் அந்தத் தண்ணீர் குடித்தவர்கள்தான். அத்தாவுல்லாவும் ஊதியிருக்கிறார். கொரோனா அடங்கி அந்த வரிசை திரும்ப வந்தபோது அவர் மட்டும் பக்கவாட்டு வழியாக வெளியேறத் தொடங்கினார். தன் மூச்சே தனக்கு அசிங்கமாகிவிட்டது. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல யார் இருந்தார்கள்?

அப்படிப்பட்டவர் ஒரு மழைநாளில் நோயாளி வாளியின் முன்னால் குந்தி, மாஸ்க்கைக் கீழே இழுத்துவிட்டார். தவளைதானே, யார் வந்து கேட்டில் தடுக்கப் போகிறார்கள்? அல்ஹம்து ஓதினார். தெரிந்த துவாக்களை எல்லாம் ஓதினார். தண்ணீர் சிலிர்க்கிற மாதிரி ஊதினார். அந்தத் தண்ணீரை டப்பா டப்பாவாக மாற்றினார். அன்றைக்கு மனசு எவ்வளவு லேசானது என்கிறீர்கள்! பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் தானே வலியப் போய் மழையைப் பற்றிப் பேசினார்.

மறுநாளும் ஊதினார். அதற்கு மறுநாளும். நல்ல தவளைகளுக்கு ஊதவில்லை, நல்லா இருப்பவர்களுக்கு யார் ஓதிப் பார்ப்பார்கள்? சட்டத்தில் மற்ற எதையும் அவர் மீறவில்லை. கையுறை, வாளி, முறை எல்லாம் சுத்தம். ஊதுவது தப்பு என்று அவருக்குத் தோன்றவே இல்லை. துவாவில் என்ன கலப்படம் இருக்க முடியும்?

மழைக்காலம் முடிந்து, குழாய்கள் லேபுக்குப் போய், பதிலும் வந்தது. அன்றைக்கு செங்கொடி கொட்டகைக்குள் நடந்து வரவில்லை, ஓடி வந்தாள். கையில் பிரியாணிப் பொட்டலம்.

"பாய்! குந்துங்க, மொதல்ல குந்துங்க. ஒரு மேட்டர் கெடச்சிருக்கு. நோவு வந்த தவள வயித்துல மட்டும் ஒரு கிருமி கூட்டம் வந்து குந்தினு கீது. நல்ல தவளயில ஒன்னுத்துலகூட இல்ல. அது இன்னா கிருமி தெரியுமா? மனுசன் வாய்ல இருக்கறது!"

அத்தாவுல்லா பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். கை நின்றுவிட்டது.

"மனுசன் வாய்லயா?"

"ஆமா பாய். ஊரு சாக்கட தண்ணிதான் கொளத்துல கலக்குதே, அதுல இருந்துதான் வந்திருக்கும். நல்ல தவள வயித்துல அது நிக்க முடியல. நோவு வந்து குடித்தனம் காலியான வயித்துல பூந்துகிச்சு. நம்ம கழிவு தவள வயித்துல போயி வாழுது பாய்! இங்கியே கலந்திருக்குமோன்னு எங்க கைடு சார் நோண்டி நோண்டி கேட்டாரு. டிரம் தண்ணியயும் டெஸ்ட்டுக்கு அனுப்புனேன் சார், சுத்தம்னு வந்திருச்சுன்னேன். அப்பால, எங்க பாய் கை அவ்ளோ சுத்தம் சார், அவரு வேலயில ஒரு தூசு வுழாதுன்னு சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கேன். அடுத்த மாசம் பெங்களூர்ல பெரிய பெரிய ஆளுங்க முன்னால பேசப் போறேன்."

டிரம் தண்ணீர் சுத்தம்தான். வாளித் தண்ணீரை யாரும் அனுப்பவில்லை. அத்தாவுல்லா பிரியாணியைப் பிசைந்தார், தின்றாரா என்பது அவருக்கே தெரியாது. அந்தப் பெண் அவ்வளவு சந்தோஷமாக இருந்து அவர் பார்த்ததே இல்லை.

அடுத்த சில நாட்கள் அவர் பட்ட பாடு அல்லாவுக்குத்தான் தெரியும். ஊதுவதை நிறுத்திவிட்டார். சலாம் சொல்லவும் நாக்கு எழவில்லை. சொல்லாமல் விட்டால் என்ன? யாருக்குத் தெரியும்? தவளையா பெங்களூர் போய் சாட்சி சொல்லப் போகிறது? சொன்னால் அன்றைக்கே வேலை போகும். வேலை போகட்டும், அந்த "நாஷ்டா ஆச்சா பாய்" போய்விடுமே. மறுபடி அந்தப் பூட்டிய வீட்டில் நாள் முழுக்க யாரோடு உட்கார்ந்திருப்பது? ஆனால் இந்தப் பக்கம் பார்த்தால், அந்தப் பெண் ஒரு பெரிய சபையில் நின்று, இல்லாத ஒன்றை இருக்கிறது என்று சொல்லப் போகிறாள். இன்று இல்லாவிட்டால் நாளை எவனாவது கண்டுபிடித்தால், வியாசர்பாடிக்காரி பொய் சொன்னாள் என்றுதானே பேசுவான்.

வெள்ளிக்கிழமை ஃபர்ஹான் போன் பண்ணினான்.

"அத்தா, ஒடம்பு எப்படி கீது?"

"ஒடம்புக்கு ஒன்னுமில்ல ஃபர்ஹான். ஒரு விசயம் உன்கிட்ட கேக்கணும். இங்க தவளைக்கு நான்..."

"தவளையா? அத்தா, இங்க சூப்பர்வைசர் கூப்டறான். அடுத்த வாரம் பேசறேன். பணம் போட்டுட்டேன், சரியா?"

போனைச் சட்டைப்பையில் போட்டார். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை செங்கொடி ஒரு தவளையைத் தராசில் வைத்து எடை பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தாவுல்லா அவள் பின்னால் போய் நின்றார்.

"அம்மா செங்கொடி. அந்தக் கிருமி சாக்கடயில இருந்து வர்ல."

"பின்ன?"

"என் வாய்ல இருந்து வந்துச்சு."

அவள் திரும்பினாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். வாளி, துவா, மாஸ்க்கைக் கீழே இழுத்தது, மழைக்காலம் முழுக்க ஊதியது, ஒன்றையும் மறைக்கவில்லை. ரஹீமுன்னிசாவைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் இரக்கம் கேட்கிற மாதிரி ஆகிவிடும் என்று விட்டுவிட்டார்.

செங்கொடி தவளையை மெதுவாக டப்பாவில் விட்டு மூடியைப் போட்டாள். அப்புறம் கத்தினாள் பாருங்கள்.

"இன்னா பாய் இது! மாஸ்க் எதுக்கு குடுத்தேன்? தாடையில மாட்டிக்கவா? ரெண்டு வருசம் பாய்! ரெண்டு வருசம் இந்தக் கலீஜ்ல கைய வுட்டுகினு கெடந்தேன். உங்க கை சுத்தம்னு சார்கிட்ட சத்தியம் பண்ணேன். இப்ப எந்த மூஞ்ச வெச்சுகினு அவுரு முன்னால போயி நிப்பேன்?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே போனாள். ஸ்கூட்டி கிளம்பும் சத்தம் கேட்டது. அன்றைக்கே சாயந்திரம் காலேஜிலிருந்து போன் வந்தது. நாளையிலிருந்து வர வேண்டாம், சாவியை எதிர் டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். கடைசியாக எல்லா டப்பாவுக்கும் தண்ணீர் மாற்றிவிட்டு, மாஸ்க்கை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, விளக்கை அணைத்தார்.

அதற்கப்புறம் வீடுதான். காலையில் டீ போட்டுக் குடிப்பார். தரையைப் பெருக்குவார், பெருக்கிய தரையையே மத்தியானம் இன்னொரு தடவை பெருக்குவார். பள்ளிவாசலுக்குப் போய் வருவார். ரேடியோவை வைத்தால் அதில் பேசுகிறவர்கள் எல்லாம் கூட்டமாகச் சிரித்தார்கள், அணைத்துவிட்டார். நாள் முழுக்கப் பேசாமல் இருந்து, ராத்திரி இஷா தொழுகையில் ஆமீன் சொல்லும்போது தொண்டை கட்டிக்கொண்டு சத்தம் வராமல் போன நாளும் உண்டு. செங்கொடிக்கு போன் பண்ணலாமா என்று எடுப்பார், என்ன முகத்தோடு பண்ணுவது என்று வைத்துவிடுவார்.

ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு வந்து படுத்திருந்தபோது கதவு தட்டும் சத்தம் கேட்டது. எழுந்து திறந்தால் செங்கொடி. தோளில் ஐஸ் டப்பா தொங்கியது. முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

"உள்ள வரலாமா பாய்?"

"வாம்மா, வா வா" என்று அவசரமாக நாற்காலியில் கிடந்த துணியை எடுத்தார். "டீ போடட்டா?"

"வேணாம் பாய், ஐஸ் உருகிடும். பெங்களூருக்கு நான் போகல. சார் கண்டபடி திட்டிட்டாரு. அப்பால அவரே ஒரு வழி சொன்னாரு. உங்க வாய்ல இன்னா கிருமி கீதுன்னு தனியா எடுத்து லேபுக்கு அனுப்பணும். அது வந்துச்சுன்னா, தவள வயித்துல இருக்கறதுல இருந்து உங்கள கழிச்சிடலாம். கழிச்சது போக மிச்சம் நிக்கறது தவளயோடது. அத வெச்சு என் வேலய காப்பாத்த முடியுமான்னு பாக்கணும்."

"என்னிய கழிக்கணும். அவ்ளோதானே?"

"அவ்ளோதான் பாய். உங்களுக்கு சம்மதமா?"

"கழிச்சுக்கோம்மா" என்றார். கொஞ்சம் தயங்கி, "அப்போ நான் ஊதுனது அதுங்க வயிறு வரைக்கும் போயி சேந்துச்சா?" என்று கேட்டார்.

"சேந்துச்சு பாய். அதானே பிரச்சினையே."

"சேந்து எதுனா நல்லது பண்ணுச்சா?"

செங்கொடி அவரைப் பார்த்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், அவள் அப்படிப்பட்டவள் இல்லை. "தெரியாது பாய். கொஞ்சம் செத்துச்சு, கொஞ்சம் பொழச்சுது. நீங்க ஊதாம இருந்தாலும் அப்படித்தான் ஆயிருக்கும்னு நெனைக்கிறேன். திரும்ப வேலைக்கு வாங்கன்னு கூப்பிட என்னால முடியாது. சார் ஒத்துக்க மாட்டாரு."

"பரவால்லம்மா. தப்பு என்னுது."

அவள் கையுறை மாட்டிக்கொண்டு, பஞ்சு சுற்றிய குச்சி ஒன்றைப் பிரித்தாள். "இப்படி வெளிச்சத்துல வந்து குந்துங்க. வாய தொறங்க."

அவர் சன்னலோரம் உட்கார்ந்து வாயைத் திறந்தார். செங்கொடி இடது கையால் அவர் தாடையைப் பிடித்து முகத்தைக் கொஞ்சம் நிமிர்த்தினாள். தாடிக்குள் அவள் விரல்கள் அழுந்தின. குச்சி கன்னத்தின் உள்பக்கம் மெதுவாகச் சுற்றியது. ஆம்புலன்ஸ் வந்த அன்றைக்கு ரஹீமுன்னிசா, அழாதே என்று, இதே தாடையைப் பிடித்தாள். அதற்கப்புறம் இந்த முகத்தை ஒரு மனிதக் கை தொட்டதில்லை. அத்தாவுல்லாவுக்குக் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை, எடுத்தால் அவள் விட்டுவிடுவாள் என்று இருந்தது.

"வலிக்குதா பாய்?"

இல்லை என்று கண்ணாலேயே சொன்னார்.

"முடிஞ்சுது" என்று குச்சியைக் குழாய்க்குள் ஒடித்துப் போட்டு மூடினாள். குழாயை ஐஸ் டப்பாவில் வைத்து, கையுறையைக் கழற்றப் போனாள்.

"ஏம்மா, ஒன்னு பத்துமா? சரியா வர்லன்னா? இன்னொரு தபா எடுத்துக்கோயேன்."

ஒன்றே போதும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஐஸும் உருகிக்கொண்டிருந்தது. செங்கொடி கையுறையை மறுபடி இழுத்து மாட்டிக்கொண்டு, இன்னொரு குச்சியைப் பிரித்தாள்.